ஜேம்ஸ் லூயிஸ் கிடிங்ஸ்

ஜேம்ஸ் லூயிஸ் கிடிங்ஸ் (ஏப்ரல் 10, 1909 – டிசம்பர் 9, 1964) ஓர் அமெரிக்கத் தொல்லியலாளரும் மரவளைய ஆய்வாளரும் ஆவார். அலாஸ்காவின் வடமேற்குப் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியும் அதற்கு வடக்கேயும் அமைந்துள்ள வரலாற்றுக்கு முந்தைய குடியிருப்புகளை அகழ்ந்து ஆராய்ந்தவர். கோபுக் ஆற்றங்கரை, டென்பி முனை, குரூசன்ஸ்டெர்ன் முனை, ஆனியன் போர்ட்டேஜ் ஆகிய இடங்களில் இவர் மேற்கொண்ட அகழாய்வுகள் பெயர் பெற்றவை.

இவருக்கு முன்பும் வடதுருவப் பகுதியில் வீடுகள் தோண்டப்பட்டன. ஹென்றி காலின்ஸ் போன்றோர் எறியீட்டி முனைகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று ஓரளவு வரிசைப்படுத்தியும் இருந்தனர். ஆனால் அந்த வரிசையில் ஆண்டுகள் இல்லை. ஒரு வீடு முந்நூறு ஆண்டு பழையதா, மூவாயிரம் ஆண்டு பழையதா என்பது பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது. மரவளையங்கள், மண் அடுக்குகள், கடற்கரை மேடுகள் ஆகிய மூன்றையும் பயன்படுத்தி இக்குறையைப் போக்க முயன்றதே கிடிங்ஸின் முதன்மையான பங்களிப்பாகும்.

இளமையும் கல்வியும்

கிடிங்ஸ் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள கால்டுவெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளவயதிலேயே அலாஸ்காவுக்குச் சென்று, பின்னர் அலாஸ்காப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்ற கல்லூரியில் பயின்று 1932ஆம் ஆண்டு இளம் அறிவியல் பட்டம் பெற்றார். இவர் தொல்லியல் பயின்று தொல்லியலுக்கு வந்தவர் அல்லர். பட்டம் பெற்றபின் ஃபேர்பேங்ஸ் நகரை அடுத்த தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றில், உறைந்த நிலத்தை இளக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார்.

இப்பணியைப் பற்றிச் சற்று விளக்குவது பொருத்தமாக இருக்கும். அலாஸ்காவின் உட்பகுதியில் நிலத்தின் மேற்பரப்பு மட்டுமே கோடையில் இளகும். அதற்குக் கீழுள்ள மண் ஆண்டு முழுவதும் பாறைபோல் உறைந்தே இருக்கும். தங்கம் கலந்த சரளை மண் இந்த உறைநிலத்துக்கு அடியில் கிடக்கிறது. மேலே உள்ள வண்டல் மண்ணை நீரைப் பீய்ச்சி அடித்து அகற்றிவிட்டு, சரளைக்குள் இரும்புக் குழாய்களை இறக்கி அவற்றின் வழியே நீரைச் செலுத்தி உறைபனியை இளக்குவர். அவ்வாறு வண்டலை அகற்றும்போது, பல காலமாக உறைந்து கிடந்த மரங்களும் விலங்கெலும்புகளும் வெளிப்படும். சுரங்கத்துக்கு இவை வெறும் கழிவு. கிடிங்ஸ் அம்மரங்களின் வளையங்களைக் கவனிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் இவர் அகழ்ந்த வீடுகளும் இதே உறைநிலத்தில்தான் புதைந்திருந்தன என்பதால், சுரங்கப் பணி இவருக்கு இரு வகையில் பயிற்சியாக அமைந்தது எனலாம்.

அக்காலத்தில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வானியலாளர் ஆண்ட்ரூ டக்ளஸ் மரவளையக் காலக்கணிப்பு முறையை வளர்த்திருந்தார். சூரியப் புள்ளிகளுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள தொடர்பை அறியவே அவர் மரங்களை ஆராயத் தொடங்கினார். ஆனால் அவரது முறை 1929இல் தென்மேற்கு அமெரிக்காவின் பழங்குடி ஊர்களுக்குத் துல்லியமான ஆண்டுகளைக் கொடுத்தது. கிடிங்ஸ் டக்ளஸிடம் சென்று இம்முறையைக் கற்றார். பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே முதுகலைப் பட்டமும் பெற்றார்.

வடக்கின் மரவளையங்கள்

மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்க்கிறது. நல்ல ஆண்டில் வளையம் அகலமாகவும் மோசமான ஆண்டில் குறுகியும் இருக்கும். ஒரே வட்டாரத்து மரங்கள் ஒரே தட்பவெப்பத்தில் வளர்வதால் அவற்றின் அகல, குறுகல் வரிசையும் ஒத்திருக்கும். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களோடு ஒரு பழைய வீட்டுத் தூணின் வெளிவளையங்களைப் பொருத்தி, அத்தூணின் உள்வளையங்களோடு இன்னும் பழைய தூண் ஒன்றைப் பொருத்தி, இவ்வாறு பின்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கலாம். கணினித் துறையினருக்கு, ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படியும் தரவு வரிசைகளைப் பொருத்தி நீண்ட வரிசை ஒன்றை அமைக்கும் வேலை என்றால் எளிதில் விளங்கும். வேறுபாடு என்னவெனில் கிடிங்ஸ் இதனைக் கண்ணாலும் கையாலும் செய்தார்.

தென்மேற்கு அமெரிக்காவின் வறண்ட நிலத்தில் வளையத்தின் அகலத்தை முடிவு செய்வது மழை. வடக்கில், காடுகளின் எல்லைப்புறத்தில், அதனை முடிவு செய்வது கோடை வெப்பம் என்பதைக் கிடிங்ஸ் நிறுவினார். இதனால் அவரது மரவளைய வரிசை வீடுகளுக்கு ஆண்டு சொன்னதோடு, அந்த வீடுகளில் மக்கள் வாழ்ந்த கோடைகள் வெதுவெதுப்பாக இருந்தனவா, குளிர்ச்சியாக இருந்தனவா என்பதற்கும் ஒரு சான்றாயிற்று.

இம்முறையில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. ஆர்க்டிக் கடற்கரையில் மரங்கள் வளர்வதில்லை. அங்குள்ள வீடுகள் ஆறுகள் அடித்துச் சென்று கடல் கரையொதுக்கிய மரங்களால் கட்டப்பட்டவை. அத்தகைய மரம் எந்த ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் வளையங்களைப் பொருத்த இயலாது. அது வெட்டப்படாமல் எத்தனை ஆண்டுகள் மணலில் கிடந்தது என்பதும் தெரியாது. ஒரு வீட்டின் தூணைப் பிடுங்கி அடுத்த வீட்டுக்குப் பயன்படுத்துவதும் வழக்கம். இதனால் கிடிங்ஸ் மிதந்து வரும் மரங்களின் ஊற்றிடங்களையும் ஆர்க்டிக் கடல் நீரோட்டங்களையும் தனியாக ஆராய்ந்தார். 1952இல் அதுபற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

இபியூட்டாக்

1939ஆம் ஆண்டு கோடையில் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரோலிக் ரெய்னி, டென்மார்க்கைச் சேர்ந்த ஹெல்கே லார்சன் ஆகியோருடன் கிடிங்ஸ் பாயின்ட் ஹோப் என்னும் நிலமுனைக்குச் சென்றார். அங்குள்ள பழைய கரைமேடுகளின்மேல் புல் வளர்ச்சியில் தெரிந்த நிற வேறுபாட்டைக் கொண்டு, வரிசை வரிசையாக அமைந்த வீட்டுப் பள்ளங்களை இவர்கள் கண்டனர். அவற்றின் எண்ணிக்கை 600க்கும் மேல். வட ஆர்க்டிக்கில் இவ்வளவு பெரிய பழங்குடியிருப்பு இருக்கும் என்று அதுவரை எவரும் எதிர்பார்க்கவில்லை.

இபியூட்டாக் என்று பெயரிடப்பட்ட இவ்விடத்தில் நுட்பமான வால்ரஸ் தந்தச் செதுக்கல்கள் கிடைத்தன. அடுத்த ஆண்டுகளில் தோண்டப்பட்ட கல்லறைகளில், தந்தத்தாலான செயற்கைக் கண்கள் பொருத்தப்பட்ட மண்டையோடுகளும் வெளிப்பட்டன. பரவலாகப் பேசப்பட்டவை இவையே. ஆனால் தொல்லியலாளர்களை உண்மையில் குழப்பியது அங்கு இல்லாத பொருட்கள். பிற்கால ஆர்க்டிக் வீடுகளில் எங்கும் காணப்படும் மட்பாண்டமும், எண்ணெய் விளக்கும், தேய்த்த பலகைக்கல் கத்தியும் இபியூட்டாக்கில் கிடைக்கவில்லை. ஆகவே இது எக்காலத்தது என்னும் கேள்வி எழுந்தது. இபியூட்டாக் ஏறத்தாழக் கி.பி. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. கரைமேடுகளின்மேல் வரிசையாக அமைந்த வீடுகளின் காட்சி கிடிங்ஸின் மனத்தில் தங்கிவிட்டது போலும். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதுவே அவரது மிகச் சிறந்த ஆய்வுக்கு அடிப்படையாயிற்று.

கோபுக் ஆறு

கோபுக் ஆறு புரூக்ஸ் மலைத்தொடரில் தோன்றி, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே மேற்கு நோக்கிப் பாய்ந்து, கோட்செபியூ குடாவை ஒட்டிக் கடலை அடைகிறது. இதன் பள்ளத்தாக்கில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் வளர்கின்றன. மரம் உண்டு, அருகிலேயே கடலும் உண்டு, பழைய வீடுகளும் உண்டு. மரவளைய ஆய்வாளர் ஒருவருக்கு இதைவிடத் தகுந்த இடம் அமைவது கடினம்.

1940இல் கிடிங்ஸ் இந்த ஆற்றின் வழியே கீழ்நோக்கிப் பயணம் செய்தார். மரத்தை வெட்டாமல் அதன் நடுவரை துளைத்து மெல்லிய குச்சி போன்ற மாதிரியை எடுக்கும் துளைப்பான் ஒன்றை உடன் கொண்டு சென்றார். வழியில் உயிருள்ள மரங்களின் மாதிரிகளையும் பழைய வீடுகளின் கட்டைகளையும் சேர்த்துக்கொண்டே சென்றார். 1941இலும், போருக்குப் பின்னரும் இப்பணி தொடர்ந்தது.

இங்குள்ள வீடுகள் பாதி நிலத்துக்குள் அமைந்தவை. சதுரமாகக் குழி தோண்டி, நடுவே நான்கு தூண்களை நட்டு, மேலே கழிகளைப் பரப்பி, மரப்பட்டையாலும் புல்லோடு கூடிய மண்கட்டிகளாலும் மூடுவர். நடுவில் அடுப்பு. குளிர்காற்று உள்ளே வராமல் இருக்கச் சுரங்கம் போன்ற நுழைவழி. வீடு கைவிடப்பட்டபின் கூரை இடிந்து உள்ளே விழுகிறது. அதன்மேல் மண் படிகிறது. அடியில் உள்ளவை உறைந்துபோகின்றன. இதனால் தூண்கள், மரத்தட்டுகள், மரப்பட்டைக் கூடைகள் முதலியன அழுகாமல் கிடைக்கின்றன. அகழ்வோர் இவற்றை ஒரே நாளில் தோண்டி எடுத்துவிட முடியாது. ஒரு நாள் வெயிலில் இளகும் சில அங்குல மண்ணை மட்டும் அகற்றிவிட்டு, அடுத்த அடுக்கு இளகும்வரை காத்திருக்க வேண்டும்.

இவ்வாறு சேர்த்த கட்டைகளைக் கொண்டு கிடிங்ஸ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளமுள்ள மரவளைய வரிசை ஒன்றை அமைத்தார். அதன்படி ஆத்தேயுட் என்னும் ஊர் ஏறத்தாழக் கி.பி. 1250ஐச் சேர்ந்தது. எக்சியாவிக் ஏறத்தாழக் கி.பி. 1400ஐச் சேர்ந்தது. ஆம்ப்ளர் தீவின் வீடுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோட்செபியூ கரையில் இருந்த வீடுகளும் இவ்வரிசையில் பொருந்தின. வட ஆர்க்டிக் குடியிருப்புகளுக்கு ஆண்டுக் கணக்கு கிடைத்தது இதுவே முதல் முறை.

கோபுக் மக்கள் காடு, ஆறு, கடல் ஆகிய மூன்றையும் சார்ந்து வாழ்ந்தவர்கள் என்றும், கடல் வேட்டையை மட்டும் கொண்டு வடக்கின் மக்களை வரையறுப்பது தவறு என்றும் கிடிங்ஸ் வாதிட்டார். இதனை ஆர்க்டிக் வனப் பண்பாடு என்று பெயரிட்டு 1952இல் நூலாக வெளியிட்டார். ஆற்றங்கரையில் வாழும் இனுபியாட் மக்களிடம் அவர்களது முன்னோர் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்து 1961இல் மற்றொரு நூலும் எழுதினார். அகழாய்வுகளில் இவருடன் தோண்டியவர்களில் பலர் அம்மக்களே. ஒரு குழி வீடா, சேமிப்புக் கிடங்கா என்பதையும், ஒரு கருவி எதற்குப் பயன்படும் என்பதையும் அவர்கள் சொல்லக்கூடியவர்களாக இருந்தனர். கிடிங்ஸ் தம் நூல்களில் அக்கால வழக்கப்படி எஸ்கிமோ என்னும் சொல்லையே பயன்படுத்தினார் என்பதைப் படிப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

டென்பி முனை

இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் பணியாற்றிய கிடிங்ஸ், 1948இல் பெரிங் கடலின் நார்ட்டன் குடாவில் உள்ள டென்பி முனைக்குச் சென்றார். இம்முனைக்கு 1778இல் பெயரிட்டவர் கேப்டன் ஜேம்ஸ் குக். மரவளையங்கள் கொண்டு செல்லாத பழங்காலத்துக்கு இங்கிருந்த இயாத்தாயெட் என்னும் சிறு குடாவின் மண் அடுக்குகள் வழிகாட்டின.

மேலடுக்கில், சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நுக்லீட் பண்பாட்டின் எச்சங்கள் இருந்தன. அதற்குக் கீழே, இவர் நார்ட்டன் என்று பெயரிட்ட பண்பாட்டின் மட்பாண்டங்களும் கல்விளக்குகளும் கிடைத்தன. வழக்கமாக அகழாய்வு அங்கேயே நின்றிருக்கும். ஏனெனில் அடுத்து வந்தது எப்பொருளும் இல்லாத வெற்று மண். கிடிங்ஸ் அதனையும் தாண்டித் தோண்டினார். அதற்கு அடியில் மெல்லிய அடுக்கு ஒன்றில் தீக்கல்லால் ஆன மிகச் சிறிய கருவிகள் கிடைத்தன. விரல் நகத்தைவிடக் குறுகிய அகலமுள்ள நுண்ணலகுகளும், எலும்பையும் தந்தத்தையும் கீறப் பயன்படும் செதுக்குளிகளும், மிக நேர்த்தியாகச் சில்லெடுக்கப்பட்ட சிறு முனைகளும் அவற்றுள் அடங்கும். இத்தகைய செதுக்குளிகள் அதுவரை பெரும்பாலும் ஐரோப்பிய, ஆசியப் பழங்கற்கால, இடைக்கற்காலக் களங்களிலிருந்தே அறியப்பட்டவை. இதற்கு டென்பி தீக்கல் தொகுதி என்று கிடிங்ஸ் பெயரிட்டார். 1951இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இத்தொகுதியின் காலம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. இயாத்தாயெட்டின் சரிவில், கோடைதோறும் இளகிய ஈரமண் மெல்ல நழுவி, அடுக்குகள் பல இடங்களில் மடிந்து கிடந்தன. நிலவியலாளர் டேவிட் ஹாப்கின்ஸ் கிடிங்ஸுடன் சேர்ந்து இம்மடிப்புகளை ஆராய்ந்தார். கருவிகளின் பழமையான தோற்றமும் நிலவியல் சான்றுகளும் மிக முற்பட்ட காலத்தைக் காட்டுவதாகக் கிடிங்ஸ் முதலில் கருதினார். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அதைவிடப் பிந்திய காலத்தையே காட்டியது. இவ்விடத்தில் கிடிங்ஸின் மதிப்பீடு மிகையானது என்பதே இன்றைய முடிவு. டென்பிப் பண்பாடு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. எனினும் கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை. இதே வகைச் சிறு கருவிகள் கனடாவின் வடபகுதியிலும் கிரீன்லாந்திலும் கிடைத்தன. ஆர்க்டிக் அமெரிக்கா முழுவதும் முதலில் பரவிய மக்களின் அடையாளமாக இவை இன்று கருதப்படுகின்றன.

குரூசன்ஸ்டெர்ன் முனை

1956இல் கிடிங்ஸ் ரோட் தீவு மாநிலத்தில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அதன் ஹாஃபன்ரெஃபர் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரானார். அதே காலத்தில் கோட்செபியூ குடாவின் கோரிஸ் தீபகற்பத்தில், பெரிய நீள்வட்ட வடிவ வீடுகளையும் பழமையான மட்பாண்டங்களையும் அகழ்ந்தார். அங்கும் பழைய வீடுகள் கடலிலிருந்து தள்ளி உட்புற மேடுகளில் இருப்பதைக் கண்டார்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள குரூசன்ஸ்டெர்ன் முனையில் இவ்வமைப்பு மிகத் தெளிவாக வெளிப்பட்டது. அலைகளும் நீரோட்டமும் சரளையைக் கொண்டுவந்து குவிப்பதால், அங்குக் கடற்கரை ஒன்றன் முன் ஒன்றாகப் புதிய மேடுகளை உருவாக்கிக்கொண்டு முன்னேறியுள்ளது. கிடிங்ஸ் 114 மேடுகளை எண்ணினார். கடல் வேட்டைக்காரர்கள் எப்போதும் கரைக்கு அருகிலேயே வீடு கட்டுவர். ஆகவே கடலிலிருந்து உள்நோக்கி நடந்தால் காலத்தில் பின்னோக்கி நடப்பதற்கு ஒப்பாகும். மற்ற களங்களில் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும் காலம், இங்கே கிடைமட்டமாக விரிந்து கிடந்தது.

1958 முதல் 1961 வரை நடந்த ஆய்வுகளில், கடலோரத்தில் அண்மைக்கால இனுபியாட் வீடுகளும், அடுத்துத் தூலே, பிர்னிர்க், இபியூட்டாக், கோரிஸ் பண்பாடுகளும், மிக உட்புற மேடுகளில் டென்பி அடுப்புகளும் வரிசையாகக் கிடைத்தன. தனித்தனி ஊர்களில் அறியப்பட்டிருந்த பண்பாடுகள் ஒரே இடத்தில் ஒரே வரிசையில் அமைந்தன. மரவளையமும் இயாத்தாயெட்டின் அடுக்குகளும் காட்டிய வரிசையோடு இது ஒத்திருந்தது. ஒரு முறையின் பிழையை மற்றொரு முறை கொண்டு சரிபார்க்கும் வாய்ப்பும் இதனால் ஏற்பட்டது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. 53ஆவது மேட்டில் ஐந்து ஆழமான குளிர்கால வீடுகளும் அவற்றருகே கோடை வீடுகளும் இருந்தன. சுற்றிலும் திமிங்கில எலும்புகளும் பெரிய கல் ஈட்டிமுனைகளும் கிடந்தன. இக்கருவிகள் முன்பின் உள்ள எப்பண்பாட்டையும் ஒத்திருக்கவில்லை. குறுகிய காலமே வாழ்ந்துவிட்டு மறைந்த இம்மக்களின் எச்சங்களுக்குப் பழைய திமிங்கில வேட்டைப் பண்பாடு என்று கிடிங்ஸ் பெயரிட்டார். இவர் கணித்ததைவிட இது பல நூற்றாண்டுகள் பிந்தியது, அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. அம்மக்கள் யார் என்னும் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை.

ஆனியன் போர்ட்டேஜும் மறைவும்

கோபுக் ஆறு பெரிய வளைவாகத் திரும்பும் ஓரிடத்தில் காட்டு வெங்காயம் விளைவதால் அவ்விடம் ஆனியன் போர்ட்டேஜ் எனப்படுகிறது. இடம்பெயரும் கரிபு மான் கூட்டங்கள் ஆற்றைக் கடக்கும் இடமும் இதுவே. கிடிங்ஸ் 1941இல் இங்குச் சில வீடுகளைத் தோண்டி, அவற்றின் தரையோடு நிறுத்திக்கொண்டார். மரவளைய வரிசைக்குத் தேவையான கட்டைகள் கிடைத்துவிட்டதால் அதற்குக் கீழே பார்க்கக் காரணம் இருக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1961இல் அவ்விடத்துக்குத் திரும்பிவந்து, பழைய வீட்டுத் தரைக்குக் கீழே தோண்டினார். அங்கே ஆற்று வண்டலும் மலைச்சரிவு மண்ணும் மாறி மாறிப் படிந்து, மனிதர் தங்கிய தடங்கள் அடுக்கடுக்காக மூடப்பட்டிருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட அடுக்குகள் அங்கு உள்ளன என்பது பின்னர் தெரியவந்தது. இவர் வெவ்வேறு ஊர்களிலும் கரைமேடுகளிலும் தேடிச் சேர்த்த வரிசையின் பெரும்பகுதி, இவர் முதலில் தோண்டி நிறுத்திய வீட்டுக்கு அடியிலேயே செங்குத்தாக அமைந்திருந்தது.

1964 கோடையில் விரிவான அகழாய்வு தொடங்கியது. டென்பி முனை பற்றிய இவரது பெருநூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் கார் விபத்து ஒன்றில் சிக்கிய கிடிங்ஸ், அதனைத் தொடர்ந்து டிசம்பர் 9 அன்று தமது 55ஆம் வயதில் காலமானார். இவருடைய மனைவி ரூத் வார்னர் கிடிங்ஸும் மானிடவியலில் பயிற்சி பெற்றவர். யாக்கி பழங்குடியினரின் கதைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டவர்.

ஆனியன் போர்ட்டேஜ் அகழாய்வை இவரது மாணவர் டக்ளஸ் ஆண்டர்சன் தொடர்ந்தார். ஏறத்தாழ 10,000 ஆண்டு பழமையுள்ள அக்மாக் கருவித் தொகுதி அங்குக் கண்டறியப்பட்டது. அதன் முழு அறிக்கை 1988இல் வெளியானது. கிடிங்ஸ் பொது வாசகர்களுக்காக எழுதிய ஆர்க்டிக்கின் பழங்கால மனிதர்கள் பற்றிய நூல் 1967இலும், குரூசன்ஸ்டெர்ன் முனையின் கரைமேட்டு ஆய்வறிக்கை கிடிங்ஸ், ஆண்டர்சன் இருவர் பெயரிலும் 1986இலும் வெளிவந்தன. இயாத்தாயெட், இபியூட்டாக், ஆனியன் போர்ட்டேஜ், குரூசன்ஸ்டெர்ன் முனை ஆகிய நான்கும் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன.